மூடிவைத்த சூளை

"மாப்பிள்ளை ஊட்டார் வண்டி வந்துருச்சு! அந்தக் கருமத்தையெல்லாம் மூடுங்க!"

வில்வண்டியைப் பார்த்ததும் சின்னுசாமி போட்ட கூச்சலில் கோழிகள் கூரையேறிவிட்டன. சேலத்திலிருந்து இன்றைக்கு ஆள் வரும் என்று கல்யாணத் தரகர் சொல்லியனுப்பியிருந்தார்.

கருமம் என்று அவர் சொன்னது மகள் பாப்பாயியின் மணிப்பட்டறையை. பருத்தி அறையை ஒழித்து, களிமண்ணில் மணி உருட்டி, கொல்லையில் சின்னதாகச் சூளை கட்டிச் சுட்டு, அரக்குச் சாயமேற்றி, மாலை கோத்துப் புதுச்சத்திரம் சந்தைக்கு அனுப்ப இப்போதுதான் ஆரம்பித்திருந்தாள்.

போன மாதம் பெண் பார்க்க வந்தவர்கள், 'மண்ணுல பொரள்ற புள்ளை நமக்கு ஆகாது' என்று எழுந்து போய்விட்டார்கள். "இன்னிக்கும் தட்டிப்போச்சுன்னா சூளையை ஒடைச்சுப்போடுவேன்!" என்று அப்பா காலையிலேயே சொல்லியாயிற்று.

மாப்பிள்ளை எப்படியோ போகட்டும், சூளை பிழைத்தால் போதும் மாரியாத்தா என்று வேண்டிக்கொண்டே பாப்பாயி மணித்தட்டுகளை வைக்கோலுக்கடியில் தள்ளினாள்.

அம்மா கண்ணாத்தாள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, மூணு பேரு எறங்கறாங்க? நல்ல காரியத்துக்கு ஆராச்சும் மூணு பேரா வருவாங்களா?"

"டவுன்காரங்க அதெல்லாம் எங்க பாக்கறாங்க? நீ போயிக் காப்பியைப் போடு!"

வந்தவர்கள் வாயைத் திறக்குமுன் சின்னுசாமி பலகாரத் தட்டை நீட்டினார். அவர்கள் மென்றுகொண்டிருந்த நேரமெல்லாம் தம் காட்டையும் கிணற்றையும் பற்றி அளந்து தள்ளினார். பாவம், வந்த மனிதர்களுக்கு 'ஆமாங்க' சொல்லக்கூட இடம் கிடைக்கவில்லை.

பாப்பாயி காப்பி கொண்டுவந்தாள். வந்திருந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"வெரலெல்லாம் சூடு பட்டிருக்குதே கண்ணு?"

போச்சுடா! பாப்பாயி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"கஞ்சி வடிக்கையில கொட்டிக்கிட்டாளுங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

அப்பா அதற்கும் ஒரு படி மேலே போனார். "ஊர்வாயை மூட உலைமூடி ஏதுங்க? மணி செய்யறா, மாலை கோக்கறான்னு ஆராச்சும் சொல்லியிருப்பாங்க. நம்பாதீங்க! எம்பட புள்ளை ஒத்த மணியைத் தொட்டவ இல்லீங்க. இந்த ஊட்டுலயே மணி கெடையாதுங்க!"

வந்தவர்களின் முகம் தொங்கிப் போயிற்று. அவர்களில் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்படிங்களா? அப்ப நாங்க போயிட்டு வாரோமுங்க."

சூளை தொலைந்தது! பாப்பாயிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அப்பா பதறியடித்து ஓடிப்போய் வாசலை மறித்தார்.

"ஏனுங்க, எம்பட பொண்ணுகிட்ட என்னங்க கொறை?"

பெரியவர் திருதிருவென்று விழித்தார்.

"பொண்ணுங்களா? நாங்க கடைக்கு மணி வாங்க வந்தவங்க!"