நார்த்தங்காய் வாடை

கரமனை அக்ரஹாரத்தில் மாமி ஒருத்தி செத்து, ஆளில்லாமல் போன வீட்டின் சாமான்களோடு பழம்பொருள் கடைக்கு வந்த ஊறுகாய்ப் பரணி அது. இசக்கிசெல்வி ஆசைப்பட்டு வாங்கி வந்தாள். அதன் வாயைச் சுற்றி வேடு கட்டிய துணி இன்னும் இருந்தது. முடிச்சு, இடதுகைப் பழக்கக்காரர்கள் போடுவதுபோல மாறி விழுந்திருந்தது. அவிழ்க்க வரவில்லை. கத்தியால் அறுத்துப் போட்டாள்.

உள்ளே நார்த்தங்காய் வாடை. எலுமிச்சை ஊறுகாய் நன்றாக வந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன் என்று தம்பானூர் ஓட்டல்காரர் சொல்லியிருந்தார். யாரோ போட்ட ஊறுகாயின் வாடையோடு அவருக்குக் கொடுக்க முடியுமா? புளி வைத்துத் தேய்த்தாள். கழுநீர் ஊற்றி வைத்தாள். அடுப்புக்கரியைப் போட்டு மூடினாள். வெயிலில் காயவைத்தாள். கடைசியில் மோந்து பார்த்தபோது பரணியில் ஒரு வாடையும் இல்லை. அவள் கையில் இருந்தது. எந்தச் சோப்புக்கும் அது போகவில்லை.

எலுமிச்சையை நறுக்கி உப்பில் போட்டு வேடு கட்டினாள். காலைதோறும் அவிழ்த்து, குலுக்கி, மறுபடி கட்டி வைத்தாள்.

விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமான வேலையிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வந்த புருஷன் வீரபாண்டி, அவள் வேடு கட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஏட்டி, எப்பலேருந்து நீ இடது கையால முடிச்சு போடுத?”

அவள் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“நேக்கு எப்பவும் இந்தக் கைதானே பழக்கம்” என்றாள்.