வாசலில் விசிறிய தேனீ

புங்கமரத்துக் கூட்டில் வயதான தேனீ ஒருத்தி இருந்தாள். வெயில் ஏறினால் வாசலில் நின்று இறகால் விசிறுவாள். உள்ளே மெழுகு இளகாது, குஞ்சுகள் வாடாது. விசிறி விசிறியே இறகு நைந்துபோயிருந்தது.

ஒருநாள், ராணிக்கு அறிக்கை கொடுக்க ஓர் இளம் தேனீ எல்லோரையும் விசாரித்து வந்தாள்.

“அக்கா, நீங்க எத்தனை துளி தேன் கொண்டாந்தீங்க?”

“நான் எங்க தாயி பூவுக்குப் போறேன்? இங்கேயேதான் விசிறிக்கிட்டு நிக்கிறேன்.”

“அக்கா காத்துதான் கொண்டாந்திருக்காங்க, அளந்து ஊத்திக்கோ!” என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். கிழவியும் சேர்ந்து சிரித்தாள்.

இளையவள் மட்டும் சிரிக்காமல், ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக்கொண்டாள். மறுநாளே கிழவியை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

போக்கிடமில்லாமல் எதிர்க்கிளையில் உட்கார்ந்திருந்தாள். உச்சிவேளையில் கூட்டின் அடியில் தேன் சொட்டத் தொடங்கியது.

“ராணியம்மா, தேன் நிரம்பி வழியுது! எழுதிக்கிறேன்!” உள்ளே இளையவளின் குரல் துள்ளியது.

கிழவிக்குப் புரிந்துவிட்டது. உருகுவது குஞ்சுகள் தூங்கும் மெழுகறை. பறந்தோடி வாசலில் விழுந்தாள். “ஆண்டவனே, குஞ்சுங்க… குஞ்சுங்க…” என்று அழுதாள்.

காவல் நின்றவள் குறுக்கே மறித்தாள்.

“உங்க பேரைத்தான் கணக்குலேர்ந்து எடுத்தாச்சேக்கா. உள்ள எல்லாரும் கொண்டாடுறாங்க, நீங்க எதுக்கு அழுவுறீங்க?”