ஆறு எங்கிருந்து வந்துச்சு?

"அழி."

யூ டிங் அழிச்சா. அழுத்தி அழிச்சதுல தாள் லேசா கிழிஞ்சே போச்சு.

"பிரைமரி அஞ்சு படிக்கிற. ஒரு யூனிட் கணக்கு போடத் தெரியல," லே கெங் பல்லைக் கடிச்சுக்கிட்டு மகளைப் பாத்தா. சின்னப் புள்ளைங்க நாற்காலியில மடங்கி உக்காந்ததுல அவளுக்கு முட்டி வேற வலிச்சுது.

பள்ளிக்கூடம் விட்டாச்சு. வகுப்புல அம்மாவும் மகளும், மேசைகிட்ட ஹஸ்லின்டா டீச்சரும் மட்டும்தான். அடுத்த வருஷம் யூ டிங் எல்லாரும் படிக்கிற கணக்கைப் படிக்கலாமா, இல்ல கணக்கு ஏறாத புள்ளைங்களுக்குன்னு தனியா வச்சிருக்கிற ஃபவுண்டேஷனுக்குப் போகணுமான்னு இன்னைக்கு முடிவு பண்ணணும்.

ஃபவுண்டேஷன். அந்த வார்த்தையைக் கேட்டாலே லே கெங்குக்கு எதையோ மிதிச்சிட்ட மாதிரி இருந்துச்சு. சீனப் புத்தாண்டுக்கு அக்கா வீட்டுக்குப் போனா, என் மக ஃபவுண்டேஷன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?

டீச்சரைப் பாத்தாலும் அவளுக்குப் பத்திக்கிட்டுதான் வந்துச்சு. "வீட்டுல எப்படிச் சொல்லிக் குடுப்பீங்களோ அப்படியே இந்தக் கணக்கைச் சொல்லிக் குடுங்க. நான் பாட்டுக்கு என் வேலையைப் பாக்குறேன்"னு சொல்லிட்டு குனிஞ்சவங்க, நிமிரவே இல்ல. சம்பளம் வாங்குறது நீ, தொண்டை கிழியக் கத்துறது நானா?

"கேள்வியைப் படி. வாய் விட்டுப் படி."

யூ டிங் முனகினா. "ஃபரிதாகிட்ட இருக்குற ஸ்டிக்கருக்கும் டெவன்கிட்ட இருக்குற ஸ்டிக்கருக்கும் விகிதம் மூணுக்கு ரெண்டு. ஃபரிதா இன்னும் பன்னெண்டு ஸ்டிக்கர் வாங்கினா. இப்ப விகிதம் ஏழுக்கு நாலு. முதல்ல ஃபரிதாகிட்ட எத்தனை ஸ்டிக்கர் இருந்துச்சு?"

"நீ என்ன பண்ணின?"

"மூணுக்கு ரெண்டை ஆறுக்கு நாலுன்னு மாத்தினேன். அப்புறம்..."

"ஆறா? கேள்வியில ஆறு எங்க இருக்கு? காட்டு."

யூ டிங் தாளைப் பாத்தா. காட்டல.

"இல்லைல? அப்ப ஆறு எங்கிருந்து வந்துச்சு? எம்ஆர்டி ரயிலேறி வந்துச்சா?"

இந்த ஆறு, எட்டு சமாச்சாரத்துக்காகவே லே கெங் ரெண்டு ட்யூஷன் வாத்தியாரை நிறுத்தியிருக்கா. கேள்வியில இல்லாத நம்பரையெல்லாம் இழுத்துட்டு வந்து புள்ளையக் குழப்புற கூட்டம். அதுக்கப்புறம் இவளேதான் சொல்லிக் குடுக்குறா.

"இங்க பாரு. ஃபரிதா முதல்ல மூணு யூனிட், மூணு பங்கு. அப்புறம் ஏழு யூனிட். கூடினது எத்தனை?"

"நாலு."

"நாலு யூனிட் பன்னெண்டு. அப்ப ஒரு யூனிட்?"

"மூணு."

"மூணு யூனிட்?"

"ஒம்பது."

"ஒம்பது. மூணே வரி. நீ அரைப் பக்கம் கிறுக்கி எழுபத்திரண்டுன்னு போட்டு வச்சிருந்த. எழுபத்திரண்டு ஸ்டிக்கரை வச்சுக்கிட்டு அவ என்ன கடையா போடப் போறா?"

யூ டிங் கிழிஞ்ச இடத்துக்குப் பக்கத்துல ஒம்பதுன்னு எழுதினா. எழுதறப்போ மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. செவுத்துக்குப் பேசிட்டிருக்கோமான்னு லே கெங்குக்கு ஆத்திரமா வந்துச்சு.

"உன் பெரியம்மா மகன் ஜெரல்டு இதைத் தூக்கத்துல போடுவான். நீ காப்பிக் கடையில எச்சித் தட்டு எடுக்கத்தான் லாயக்கு. அதையும் எண்ணி எடுக்கத் தெரியாது உனக்கு."

அப்பதான் டீச்சர் எந்திரிச்சு வந்தாங்க. தாளை எடுத்து, அழிச்ச இடத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, லே கெங் பக்கம் திரும்பினாங்க.

"மிஸஸ் கோ, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன். யூ டிங்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"தாராளமா பேசுங்க டீச்சர். நீங்களே பாத்தீங்கல்ல, இதுதான் லட்சணம். நான் தலைகீழா நின்னாலும் ஏறாது. அத்தனையும் அவ அப்பா வீட்டு மூளை."

வெளிய வந்து ஜன்னலோரமா நின்னா. மூளை இல்லாதவகிட்ட பேசி என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சா. அக்காகிட்ட எல்லாப் பழியையும் டீச்சர் மேல போட்டுடலாம், அதுதான் சரி.

ஜன்னல் திறந்தேதான் கிடந்துச்சு. உள்ள டீச்சர் மெதுவா பேசினது இவளுக்குக் கேட்டுச்சு.

"முதல்ல ஃபரிதாகிட்ட ஒம்பதுன்னா, டெவன்கிட்ட ஆறு. ஃபரிதா பன்னெண்டு வாங்கினா இருபத்தொண்ணு. இருபத்தொண்ணுக்கு ஆறு, ஏழுக்கு நாலு ஆகுமா?"

"ஆகாது டீச்சர்."

"டெவனோட ஸ்டிக்கர் மாறவே இல்ல. அதனாலதானே அவனோட ரெண்டை நாலாக்கின? ஆறு ஏழானா கூடினது ஒரே யூனிட், அதுதான் பன்னெண்டு. ஆறு யூனிட்டுக்கு நீ அழிச்ச எழுபத்திரண்டுதான் சரி."

"தெரியும் டீச்சர்."

லே கெங் ஜன்னல் கம்பியைப் பிடிச்சா.

"இப்ப அம்மா பக்கத்துல இருந்தாங்க, அழிச்ச. சரி. பரீட்சையிலயும் சரியான விடையையெல்லாம் நீயே அழிச்சிட்டு தப்பா எழுதியிருக்கியே. அங்க அம்மா இல்லையேம்மா?"

யூ டிங் சொன்னா.

"அந்தப் பேப்பரை அம்மாகிட்ட காட்டித்தானே டீச்சர் கையெழுத்து வாங்கணும்."