அணிலுக்கும் செம்பருத்திக்கும்

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். மாலை வெயிலில் செம்பருத்திக் கிளை ஆடுகிறது. அதில் தொற்றிக்கொண்டு ஓர் அணில் மொட்டைக் கொறிக்கிறது. போன வருஷம் அம்மாவோடு வேறு ஊருக்குப் போய்விட்ட மகள், இன்று அதிசயமாகத் தானே கூப்பிட்டிருக்கிறாள். வீட்டுப்பாடமாம். "அணிலுக்கும் செம்பருத்திக்கும் என்னப்பா வித்தியாசம்?" "அது ஓடும்மா. இது வெச்ச இடத்துலயே நிக்கும்." "சரி, ஒற்றுமை?" அவர் வேண்டுமென்றே மெதுவாக யோசிக்கிறார். "ரெண்டுக்கும் உயிர் இருக்கு." "அது புஸ்தகத்துலயே இருக்குப்பா. சரி, வெச்சிடறேன்." கத்தரிக்கோலை எடுக்க மனம் வராமல் அவர் அங்கேயே நிற்கிறார். வெயில் இறங்குகிறது. அணில் கூட்டுக்கு ஓடிவிடுகிறது. பூக்கள் ஒவ்வொன்றாக இதழைச் சுருட்டிக்கொள்கின்றன. சட்டென்று அவருக்குப் பொறிதட்டுகிறது. அவசரமாக நம்பரை அழுத்துகிறார். எடுப்பது மனைவி. "அவ எழுதி முடிச்சிட்டு குளிக்கப் போயிட்டா. என்ன விஷயம்?" பொழுது சாய்ந்தால் இரண்டும் ஒடுங்கிவிடும் என்ற பதில் அவர் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்கிறார். அவள் உடனே வைத்துவிடவில்லை. அவளுக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தமும், மகள் ஏதோ உரக்கப் பாடுவதும் கேட்கின்றன. அவளாக வைக்கும்வரை அவர் மூச்சு விடாமல் அதைக் கேட்டுக்கொண்டே நிற்கிறார்.