வினையெச்சத்துக்குள் ஒரு கிளி

மறுவாசிப்பு ஒரு தவம் என்று விமர்சகர் திருவேங்கடம் மேடைதோறும் முழங்கிவந்தார். அந்தத் தவம் ஆண்டுதோறும் மார்கழிக் குளிரில், குரங்குக் குல்லாயும் கம்பளியுமாக, மடியில் முறுக்கு டப்பாவோடு நடக்கும். படிப்பது ஐந்து பாக மாயாஜால நாவல். மேலே மட்டும் ‘அதிகாரமும் வினையெச்சமும்’ என்ற அட்டை.

மந்திரவாதியின் உயிரைத் தேடி இளவரசன் கடலில் குதித்தான். தப்பிவிடுவான் என்று தெரிந்திருந்தும் திருவேங்கடத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போதுதான் இலக்கியப் பேரவைச் செயலாளர் மாசிலாமணி உள்ளே வந்தார். மாநாட்டுத் தலைமைக்கு ஆள் தேடுகிறவர். திருவேங்கடம் வெகுகாலமாகக் கண்வைத்திருந்த நாற்காலி அது.

“மறுவாசிப்புல இருக்கீங்களா ஐயா? ஒரு வரி சொல்லுங்களேன், கேட்டுக்கிறேன்.”

திருவேங்கடத்துக்கு நாவலைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். “அதிகாரத்தின் உயிர் அதனிடம் இருப்பதில்லை. ஏழு கடல் தாண்டி, கூண்டிலே ஒரு கிளிக்குள் இருக்கிறது.”

“அடேயப்பா!” என்றார் மாசிலாமணி.

அடுப்படியிலிருந்து மனைவி செங்கமலம் குரல் கொடுத்தாள். “கூண்டு இல்லீங்க, குகை! கூண்டு மூணாம் பாகத்துலதான வரும்?”

“அம்மா சொல்றதுதான் சரி,” என்று சொல்லிவிட்டு மாசிலாமணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

திருவேங்கடம் முறுக்கு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார். தலைமை திருவேங்கடத்துக்குத்தான் என்று முடிவாயிற்று. கிளம்பும்போது செயலாளர் நான்காம் பாகத்தை இரவல் கேட்டார். அதற்கும் ஓர் அட்டை போட்டுத் தரச் சொன்னார்.