எருமையின் காதுக்கு ஒரு நம்பர்

குளமே கதியென்று கிடந்த எருமைக்கு இரண்டு காதும் வீங்கிவிட்டன. டாக்டர் ஆந்தை பார்த்துவிட்டு, "காது வீக்கம்" என்று சீட்டெழுதிக் கொடுத்தது.

மருந்து ஜன்னலில் இருந்த கொக்கு சீட்டைத் திருப்பித் தந்தது. "எந்தக் காதுன்னு இல்லையே. அது இருந்தாத்தான் நோய்க்கு நம்பர். நம்பர் இருந்தாத்தான் மருந்து."

"ரெண்டும் பூசணிக்கா மாதிரி தொங்குதே, கண்ணு தெரியலையா?"

"நான் பாத்தா செல்லாதும்மா. டாக்டர் எழுதணும்."

எருமை பல்லைக் கடித்துக்கொண்டு போய் எழுதி வாங்கி வந்தது.

"வெளிக்காதா, உள்காதா?"

மறுபடியும் போய் வந்தது.

"புதுசா, நாள்பட்டதா?"

"நான் வந்தப்போ புதுசுதான்யா!" என்று கத்திவிட்டு, அதையும் எழுதி வாங்கிக் கொடுத்தது. வலி தாங்காமல் கண்ணை மூடி ஜன்னலடியிலேயே படுத்தது. அதற்குள் இரண்டு காதும் சுத்தமாக அடைத்துவிட்டிருந்தன.

கொக்கு ஒருவழியாக நம்பரைப் போட்டு, "எருமை! எருமை!" என்று கூப்பிட்டது. பதில் இல்லை. 'கூப்பிட்டும் வரவில்லை' என்று எழுதியது.

அதற்கு மட்டும் நம்பர் உடனே கிடைத்தது.