நாலு ஜிபி போதும்

கடைக்காரர் மூன்று பெட்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார்.

அவள் கை மூன்றாவது பெட்டிக்குப் போனது.

அவன் முதல் பெட்டியை எடுத்தான்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். டிபன் பாக்ஸைவிடச் சின்னது. இதற்குள்ளா ஒரு கம்ப்யூட்டர் என்று சிரித்தான். டிவிக்குப் பின்னால் திருகி மாட்டிவிட்டால் இடமே அடைக்காது. அப்பா படுத்தபடியே பாட்டுக் கேட்கலாம். கரண்ட் பில் கட்டிக்கொள்ளலாம்.

வீட்டு உபயோகம்தான் என்று கடைக்காரரிடம் சொன்னான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

போன வாரம் பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். பம்பு உதிரிபாகங்களுக்கு வரைபடம் போடும் வேலை. ஆறு வருஷம் செய்த வேலை. மாமனார் பக்கவாதத்தில் விழுந்த மாதம் விட்ட வேலை.

இப்போது வீட்டிலிருந்தே வரையலாமாம். நல்ல கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதுமாம்.

கணவனிடம் பயந்து பயந்துதான் சொன்னாள்.

வாங்கிட்டாப் போச்சு, என்றான்.

மாமனாரை யார் புரட்டிப் படுக்கவைப்பது, யார் கஞ்சி ஊட்டுவது என்று ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குச் சமைக்கும்போது அவளுக்குத் தானாகப் பாட்டு வந்தது.

"இது நாலு ஜிபிங்க," என்றார் கடைக்காரர். "மெமரியை போர்டோடயே பத்த வெச்சிருக்காங்க. அப்புறமா வேணும்னாலும் கூட்ட முடியாது. பாட்டுக் கேக்க, படம் பாக்கப் போதும்."

"அது போதும்," என்றான்.

வரைகிற சாஃப்ட்வேர் அதில் திறக்கவே திறக்காது.

அது அவனுக்கும் தெரியும். குறைந்தது பதினாறு ஜிபி என்று எழுதி, அடியில் கோடு போட்டு, காலையில் அவள்தான் கொடுத்தாள். சட்டைப்பையில் அந்தத் தாளின் மடிப்பு வெளியே தெரிந்தது.

அவன் அதை எடுக்கவில்லை.

"எனக்கு மெஷின் டிராயிங் போடோணுமுங்க," என்றாள். கடைக்காரரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவர் பதினாறு ஜிபி என்று போட்டிருந்த மூன்றாவது பெட்டியை முன்னால் நகர்த்தினார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், கோகிலா."

குரலில் கோபமே இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம், நேரமாகிறது என்றான். பிரியமாகத்தான் சொன்னான்.

வேலைக்குப் போகாதே என்று அவன் ஒருநாளும் சொல்லப்போவதில்லை.

அவனுக்குப் பதிலாக இந்தப் பெட்டி சொல்லிவிடும்.

வாங்கிக்கொடுத்தேனே என்று நாலு பேரிடம் அவன் சொல்லலாம். அதில் பொய்யும் இருக்காது.

முதல் பெட்டிக்குப் பணத்தைக் கட்டிவிட்டு அவன் வண்டியை எடுக்கப் போனான். கடைக்காரர் பெட்டியைப் பையில் போட்டார். கொடுக்காமல் ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தார்.

"சீல் பிரிக்காம ஏழு நாளைக்குள்ள கொண்டாந்தா மாத்திக் குடுத்தர்றேனுங்க. யார் வந்தாலும் சரி."

வழியெல்லாம் பெட்டி அவள் மடியில் இருந்தது. சிக்னலில் நின்றபோதெல்லாம் அவன் ஏதோ பேசினான். அவள் உம் கொட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் கத்திரிக்கோல் எங்கே என்றான். மாமனார் கட்டிலிலிருந்து தலையைத் திருப்பிப் பெட்டியையே பார்த்தார்.

"இன்னிக்கு வேண்டாமுங்க," என்றாள். "அஷ்டமி."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நாள் கிழமை பார்க்கிறவள் இல்லை அவள்.

சுவரில் காலண்டரைப் பார்த்தான். அஷ்டமிதான்.

அப்ப நாளைக்குப் பிரிக்கலாம் என்றான்.

"நாளைக்கு நவமி."

கட்டிலிலிருந்து மாமனார் ஆமோதிப்பதுபோல ஒரு சத்தம் எழுப்பினார். அந்த வீட்டில் அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள். அவன் கத்திரிக்கோலை வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினான்.

அவள் பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டினாள். மாமனாரை இடப்பக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்தாள். முதுகில் பவுடர் போட்டாள்.

பீரோச் சாவி எப்போதும் தொங்கும் ஆணி வெறுமனே இருந்தது.